தராசு பிடித்த கை

நம் அடுக்களையில் இருக்கும் வெள்ளைப் பொருள் ஒன்றுக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. சர்க்கரை என்பது பழஞ்சொல். சீனி என்பது சீன நாட்டுத் தொடர்பை நினைவூட்டும் சொல். சென்னைப் பக்கத்து முதியோர் 'அஸ்கா' என்பார்கள். கஞ்சம் மாவட்டத்தில் அஸ்கா என்றோர் ஊர் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வெள்ளையர் ஆலை ஒன்று நடந்தது. 1936-வரை அம்மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாகையால், அந்த ஆலையின் சரக்கு ஊர்ப்பெயரையே தன் பெயராகச் சுமந்து நம் கடைத்தெருவுக்கு வந்தது. ஒரு பிடி சர்க்கரைக்குள் இத்தனை நாடுகளும் இத்தனை ஆட்சிகளும் அடங்கிக் கிடக்கின்றன.

கடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் போகும் சாலையில் நெல்லிக்குப்பம் இருக்கிறது. அங்கே பாரி கம்பெனியார் 1840-களில் சர்க்கரைத் தொழிலைத் தொடங்கினர். தொடக்கக் காலத்தில் உழவர் காய்ச்சிய வெல்லத்தையும் பனைவெல்லத்தையும் வாங்கிச் சுத்திகரிப்பதே அதன் பெரும்பணி. 1897-இல் 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்டு சுகர் பாக்டரீஸ்' என்ற நிறுவனம் உருவாயிற்று. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் மாட்டுவண்டிகளும் ஆலையை நோக்கி வரிசையாய் நிற்கும் காட்சி நம் வட்டாரத்தாருக்குப் புதிதன்று. அந்த வரிசை எடைமேடைக்குத்தான் போகிறது. நம் கட்டுரையும் அந்த எடைமேடையை நோக்கியே போகிறது; ஆனால் சற்றுத் தொலைவு சுற்றிப் போகவேண்டும்.

நம் கரும்பின் கதையை மட்டும் தனியே சொன்னால் அது பாதிக்கதைதான். ஏறக்குறைய அதே காலத்தில், அதே வெப்பமண்டலப் பயிரைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்றொரு அந்நிய அரசு மற்றொரு மக்கள்மேல் ஆட்சி நடத்தியது. அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நமக்கு நேர்ந்தது எது, நேராமற்போனது எது என்பது விளங்கும்.

1895-ஆம் ஆண்டு ஷிமோனோசெக்கி உடன்படிக்கையின்படி சீனப் பேரரசு தைவான் தீவை ஜப்பானுக்குக் கொடுத்தது. ஜப்பானுக்கு அது முதல் குடியேற்ற நாடு. ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட ஒரு வேலையைத் தன்னாலும் செய்யமுடியும் என்று உலகுக்குக் காட்ட அந்நாடு விரும்பியது. 1898-இல் கொடாமா கென்டாரோ ஆளுநராகவும், மருத்துவரான கோட்டோ ஷிம்பே குடிமை நிருவாகத் தலைவராகவும் வந்தனர். நிலம் அளக்கப்பட்டது. அபினி, உப்பு, கற்பூரம் ஆகியவை அரசின் தனி வாணிகமாயின. 1899-இல் தைவான் வங்கி தொடங்கியது. அடுத்த ஆண்டு மிட்சுயி நிறுவனத்தாரும் அரச குடும்பமும் பங்குதாரராகச் சேர்ந்த தைவான் சர்க்கரைக் கம்பெனி பிறந்தது. முதலீட்டாளர் அஞ்சாதிருக்க அரசே உதவித்தொகையும் கொடுத்தது. வணிகன் முன்னே போக அரசு பின்னே போவதே கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வழக்கம். புனித தாவீது கோட்டையை 1690-இல் விலைக்கு வாங்கியவர்கள் வணிகர்களே. தைவானிலோ அரசு முன்னே நடந்து, வணிகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போயிற்று.

அந்த அரசு 1901-இல் ஓர் அறிஞரை வரவழைத்தது. அவர் பெயர் நிடோபே இனாஸோ. சப்போரோ வேளாண்மைக் கல்லூரியில் பயின்றவர், அங்கேயே கிறிஸ்தவரானவர், பின்னர் அமெரிக்காவில் குவேக்கர் சபையில் சேர்ந்தவர். ஜப்பானிய வீரமரபின் அறத்தை மேல்நாட்டாருக்கு விளக்கி அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'புஷிடோ' என்னும் நூல் 1900-இல் வெளிவந்து புகழ் பெற்றது. பிற்காலத்தில் உலக நாடுகள் சங்கத்தின் துணைப் பொதுச்செயலாளராக ஜெனீவாவில் பணியாற்றினார். ஜப்பானின் 5000 யென் நோட்டில் அவர் முகம் 1984 முதல் இருபது ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது. சாந்தமும் கல்வியும் நிறைந்தவர் என்பதில் ஐயமில்லை.

அவர் தீவைச் சுற்றிப் பார்த்து, சர்க்கரைத் தொழிலைச் சீர்திருத்துவது பற்றி ஆளுநருக்கு ஓர் அறிக்கை தந்தார். நல்ல கரும்பு வகைகளை வெளிநாட்டிலிருந்து கொணர்தல், பாசனம், உரம், புதிய பொறிகள் என்று அறிக்கையின் பெரும்பகுதி எந்த வேளாண் அலுவலரும் ஏற்றுக்கொள்ளக்கூடிய செய்திகளே. ஆனால் ஓரிடத்தில் அவர் உழவரின் தயக்கத்தைப் பேசுகிறார். பழமையில் ஊறிய உழவர் புதுமையை ஏற்கமாட்டார்கள். பிரஷ்ய மன்னர் பிரடெரிக் செய்ததுபோல அரசு வலிந்து செய்யவேண்டியிருக்கும் என்பது அவர் கருத்து. ஆளுநர் அதை ஏற்றுக்கொண்டார். 1902-இல் சர்க்கரைத் தொழில் ஊக்குவிப்பு விதிகளும் அதற்கென ஒரு தனி அலுவலகமும் வந்தன. நிடோபேயே அதற்குத் தலைவரானார்.

பின்னர் வந்ததே நாம் உற்று நோக்கவேண்டிய விதி. 1905-இல் தைவான் அரசு ஆலைகளுக்கு எல்லை வகுத்தது. ஓர் ஆலைக்கு இன்னின்ன ஊர்கள் என்று பிரித்துக் கொடுத்து, அந்த எல்லைக்குள் விளையும் கரும்பை வேறெந்த ஆலைக்கும் விற்கலாகாது, அரசின் அனுமதியின்றி வெளியே கொண்டுபோகவும் கூடாது என்றது. கரும்பு பயிரிட்டே தீரவேண்டும் என்ற கட்டாயம் விதியில் இல்லை. உழவர் விரும்பினால் நெல் நடலாம். ஆனால் கரும்பு நட்டுவிட்டால் வாங்குபவர் ஒருவரே. விலை சொல்பவரும் அவரே. எடை போடுபவரும் அவரே. விதைக்கரணைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தவரும் அவரே.

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். வெட்டிய கரும்பு நெல்லைப்போலக் குதிரில் காத்திருக்காது. ஒரு நாள் தாமதித்தாலே எடையும் இனிப்பும் குறையத் தொடங்கும். ஆலையோ பெரும் முதலில் நிற்பது; நாள்தோறும் இரவுபகலாய் அதற்குக் கரும்பு வேண்டும். ஆகவே ஆலைக்கு உறுதியான வரத்தும் உழவருக்கு உறுதியான வாங்குபவரும் வேண்டும் என்பது பொறியின் தேவை. அந்தத் தேவையை நிறைவேற்றும் வகையில் அரசு எழுதிய விதி யாருக்குச் சாதகமாய் எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி.

விளைச்சல் பெருகியது உண்மை. நூற்றாண்டின் தொடக்கத்தில் சில பத்தாயிரம் டன்னாக இருந்த தைவான் சர்க்கரை, 1930-களின் இறுதியில் 10 இலட்சம் டன்னைத் தாண்டியது. கம்பெனிகள் கொழித்தன. தைவான் உழவரிடையே ஒரு பழமொழியும் பிறந்தது. உலகத்து முட்டாள்களில் முதல்வன் யாரென்றால், கரும்பு நட்டுக் கம்பெனிக்காரன் எடை போடக் கொடுப்பவனே என்பது அதன் பொருள். பள்ளி காணாத மக்கள் ஒரு பொருளாதாரத்தை ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள்.

1920-களில் ஜப்பானியச் சந்தைக்கேற்ற புதிய நெல் வகைகள் தைவானில் பரவி நல்ல விலை பெற்றபோது, கரும்பு உழவர் நெல்லுக்கு மாறத் தொடங்கினர். கரும்பின் விலையை நெல்லின் வருவாய்க்குச் சற்று மேலே நிறுத்தி வைப்பதே ஆலைகளின் கணக்கு. நெல் ஏறினால் கரும்பும் ஏறவேண்டும். இந்த இழுபறியில் தண்ணீரும் ஒரு கருவியாயிற்று. 1930-இல் முடிந்த சியாநான் பாசனத் திட்டம் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் ஹெக்டேருக்கு நீர் தந்தது. போற்றத்தக்க பொறியியல் வேலை அது. ஆனால் நீர் மூன்றாண்டுச் சுழற்சியில் முறைவைத்து விடப்பட்டது: ஓராண்டு நெல், ஓராண்டு கரும்பு, ஓராண்டு புன்செய்ப் பயிர். எதை நடுவது என்பதை மதகே முடிவு செய்தது. சோழர் வெட்டிய வீராணம் ஏரியின் நீரை நம்பிச் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் நெல் நடும் நம் உழவருக்கு நீர்ப்பங்கீட்டில் ஆயிரம் குறைகள் உண்டு; ஆனாலும் ஓர் ஆலைக்காக மதகை மூடித் திறக்கும் வழக்கம் இங்கே வரவில்லை.

1925-இல் எர்லின் என்ற ஊரில் அந்த மனக்குமுறல் வெளியே வந்தது. லீ யிங்ஜாங் என்ற மருத்துவரின் தலைமையில் கரும்பு உழவர் ஒரு சங்கம் அமைத்தனர். அவர்கள் கேட்டவை என்ன? அறுவடைக்கு முன்பே விலையை அறிவிக்கவேண்டும். உரத்தை எங்கு வேண்டுமானாலும் வாங்கும் உரிமை வேண்டும். விலையை இருதரப்பும் பேசி முடிவு செய்யவேண்டும். எடை போடும்போது உழவரும் உடன் நின்று பார்க்கவேண்டும். இவற்றில் எது புரட்சி? எது கலகம்? அந்த ஆண்டு அக்டோபரில், விலை அறிவிக்காமலே ஆலையார் கரும்பை வெட்ட ஆள் அனுப்பினர். உழவர் தடுத்தனர், காவலருடன் கைகலப்பு நேர்ந்தது. 90-க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். மருத்துவரும் சிறை சென்றார். மேல்முறையீட்டில் அவர்களுக்காக வாதாட ஜப்பானிலிருந்தே புஸே தட்சுஜி என்ற வழக்கறிஞர் 1927-இல் கடல் கடந்து வந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

அதே 1927-இல் இன்னொரு ஜப்பானியரும் தைவானுக்கு வந்தார். அவர் யனைஹாரா தடாவோ. நிடோபேயின் மாணவர். ஆசிரியரைப் போலவே கிறிஸ்தவர். விவிலியத்தை வாழ்நாள் முழுவதும் பாடம் சொன்னவர். டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் குடியேற்றக் கொள்கைக்கான பேராசிரியப் பதவியை ஆசிரியருக்குப்பின் ஏற்றவரும் அவரே. அவர் 1929-இல் வெளியிட்ட 'ஏகாதிபத்தியத்தின் கீழ் தைவான்' என்ற நூல், சர்க்கரைக் கம்பெனிகளின் வலையைப் புள்ளிவிவரத்தோடு அவிழ்த்துக் காட்டியது. உழவன் பெயரளவில் நிலத்துக்கு உரிமையாளன். ஆனால் முன்பணமும் ஆலை எல்லையும் சேர்ந்து அவனைக் கம்பெனியின் கூலியாளுக்கு ஒப்பாக்கிவிட்டன என்று அவர் காட்டினார். தைவானுக்குள் அந்நூல் தடை செய்யப்பட்டது. 1937-இல் சீனப் போரைக் கண்டித்து எழுதியதற்காக அவர் பதவியையும் இழந்தார். போருக்குப்பின் அதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, 1951-இல் அதன் தலைவரானார்.

ஒரே கரும்புத் தோட்டத்தை ஆசிரியரும் மாணவரும் பார்த்தனர். இருவரும் ஒரே நற்செய்தியை வாசித்தவர்கள். ஒருவர் கண்ணில் தயங்கும் உழவன் பட்டான். மற்றவர் கண்ணில் எடைமேடை பட்டது. ஆசிரியரைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது உண்மையும் ஆகாது. அவர் உழவரின் நன்மையையே நினைத்திருக்கக்கூடும். ஆனால் நன்மை செய்பவர் உழவரிடம் கேட்காமலே செய்யலாம் என்று நினைத்துவிட்டார். திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரின் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் வெளிவந்தது 1891-இல்; நிடோபேயின் அறிக்கைக்குச் சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன். ஏழைத் தொழிலாளி வேறு வழியின்றி ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தம், அவன் ஒப்புக்கொண்டான் என்பதனாலேயே நீதியாகிவிடாது என்ற கருத்து அதில் இருக்கிறது. கள்ளத் தராசைக் கண்டித்த இறைவாக்கினர் ஆமோஸை நாம் திருவழிபாட்டில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அறுவடைக் கூலியைப் பிடித்துவைத்தோரை எச்சரிக்கும் யாக்கோபு திருமுகத்தையும் அப்படியே.

தைவானில் கற்ற பாடத்தை ஜப்பான் அங்கேயே நிறுத்திக்கொள்ளவில்லை. தைவான் வங்கி 1912-இல் சிங்கப்பூரில் கிளை திறந்தது; பின்னர் ஜாவாவிலும் திறந்தது. 1915-இல் தைவான் அரசின் ஆதரவோடு தென்கடல் சங்கம் ஒன்று தோன்றி, தெற்கு நாடுகளின் வளம்பற்றிய செய்திகளைத் திரட்டியது. முதல் உலகப் போருக்குப்பின் சைபன் முதலிய தீவுகள் ஜப்பானின் பொறுப்பில் வந்தன. தைவான் ஆலைகளில் பழகியவரான மட்சுயே ஹாருஜி 1921-இல் அங்கே ஒரு கம்பெனி தொடங்கி, ஒக்கினாவா ஏழைகளை அழைத்துவந்து கரும்பு நட்டார். 1928-இல் திறந்த தைவான் பேரரசுப் பல்கலைக்கழகம் வெப்பமண்டல வேளாண்மையைத் தன் தனிச்சிறப்பாக்கிக்கொண்டது. 1936-இல் பாதி அரசு முதலோடு தைவான் குடியேற்றக் கம்பெனி எழுந்தது. வங்கி, சங்கம், கல்லூரி, கம்பெனி என்று அமைதியாக நடந்த பயணம் 1941-இன் இறுதியில் படையெடுப்பாயிற்று. மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் இருந்த தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; பெருந்தொகையினர் திரும்பவில்லை. தென்னார்க்காடு, தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து மலேயா போன குடும்பங்களின் வரலாற்றில் அந்த இழப்பு எழுதப்படாமலே கிடக்கிறது.

இனி நம் கரைக்கு வருவோம். 1920-களில் இந்தியர் உண்ட வெண்சர்க்கரையில் பெரும்பகுதி டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவிலிருந்து வந்தது. 1929–30-இல் இறக்குமதி ஏறக்குறைய 10 இலட்சம் டன். ஆங்கில அரசு இங்கே ஆலை எல்லை வகுக்கவில்லை. பெருங்கம்பெனிகளுக்குப் பங்கு உறுதியும் தரவில்லை. அது செய்தவை வேறு. 1912-இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது; பார்பர் என்ற ஆங்கிலேயரும், சேலத்தில் பிறந்த டி. எஸ். வெங்கட்ராமனும் நம் தடித்த கரும்பையும் காட்டு நாணற்கரும்பையும் மணம் செய்வித்து, 'கோ' என்னும் முன்னெழுத்துக் கொண்ட புதிய வகைகளை உலகுக்குத் தந்தனர். 1932-இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்து, இறக்குமதிக்குக் கடும் வரி விதித்தது. முப்பதுக்குச் சற்று மேல் இருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் 130-ஐத் தாண்டின. ஜாவாவின் சர்க்கரைத் தொழில் ஒடிந்து விழுந்தது. நம் ஆலைகள் பிழைக்க அங்கே எத்தனை கூலியாளர் பட்டினி கிடந்தனர் என்று நம்மில் எவரும் அக்காலத்தில் கேட்டதாய்த் தெரியவில்லை.

ஆலைகள் பெருகியபோது விலைச் சண்டையும் பெருகியது. 1934-இல் கரும்புச் சட்டம் ஒன்று, மாகாண அரசுகள் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க இடம் கொடுத்தது. பின்னர் பீகாரும் ஐக்கிய மாகாணமும் 1937, 1938-ஆம் ஆண்டுகளில் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் செய்து ஆலைக்கு இன்ன பகுதி என்று ஒதுக்கின. அவற்றைச் செய்தவை மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவைகள் என்பது கவனிக்கத்தக்கது. சென்னை மாகாணத்தில் 1949-இல் சர்க்கரை ஆலைகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1966-இல் நடுவண் அரசின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை நாடு முழுமைக்கும் ஒதுக்கீட்டுப் பகுதியை நிலைப்படுத்தியது. தைவானில் அந்நியன் போட்ட கோட்டை இங்கே நாமே நம் கையால் போட்டுக்கொண்டோம்.

ஆனால் கோடு ஒன்றாயினும் எழுத்து ஒன்றன்று. நம் ஆணையில் குறைந்தபட்ச விலை உண்டு. கரும்பு வந்த 14 நாட்களுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி தரவேண்டும் என்றும் இருக்கிறது. எர்லின் உழவர் அடிபட்டுக் கேட்டதில் பாதி நம் உழவருக்குச் சட்டத்திலேயே கிடைத்திருக்கிறது. சட்டப் புத்தகத்திலிருந்து அது வயலுக்கு வந்து சேர்வதுதான் அரிது. நிலுவைத் தொகைக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலக வாயிலில் கரும்புக்கட்டோடு அமர்ந்த உழவரை நம் மாவட்டத்தார் அறிவர். 14 நாள் என்ற விதி பல அரவைப் பருவங்களாக நீண்டதையும் அறிவர். வட்டி என்ற சொல்லைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை.

எடைமேடைக்கு வந்துவிட்டோம். எடையை உழவர் கண்ணால் காணலாம். ஆனால் விலை எடையால் மட்டும் அமைவதில்லை. 'சர்க்கரைக் கட்டுமானம்' என்ற கணக்கும் உண்டு. நூறு கிலோ கரும்பில் எத்தனை கிலோ சர்க்கரை கிடைத்தது என்பதே அது. 2025–26 பருவத்துக்கு நடுவண் அரசு குவிண்டாலுக்கு 355 ரூபாய் அறிவித்தபோது, அது 10.25 விழுக்காடு கட்டுமானத்துக்கு என்றது. அதற்குக் கீழே போனால் விலையும் குறையும். தமிழ்நாட்டு ஆலைகளில் பெரும்பாலும் கீழேதான் போகிறது. அந்த எண்ணைக் கணக்கிடுவது ஆலையின் ஆய்வுக்கூடம். வெட்டு உத்தரவு தாமதமாகிக் கரும்பு வயலிலேயே முற்றிக் காய்ந்தாலும், வரிசையில் வண்டி இரண்டு நாள் நின்றாலும் குறைவது அந்த எண்ணே. தாமதம் ஒருவருடையது, குறைவு மற்றவருடையது.

கரும்பு மட்டும் எந்த எல்லைக்கும் அடங்காமல் நடமாடியது. கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட 'கோசி 671' 1980-களில் மகாராட்டிரம், குசராத்து வரை சென்று, கட்டுமானத்துக்குப் பெயர் பெற்றது. அதன் பெயரிலுள்ள 'சி' நம் கடலூரைக் குறிப்பது. பின்னர் செவ்வழுகல் நோய் அதைச் சாய்த்தது. அதற்கும் முன்னே, கோவையில் ஒட்டுக்கட்டிய விதை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய், 'என்கோ 310' என்ற பெயரில் 1945-இல் வெளிவந்தது. 1947-இல் அது தைவானை அடைந்தது. 1950-களில் அத்தீவின் கரும்பு நிலத்தில் மிகப் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. அப்போது ஜப்பானியர் போய்விட்டிருந்தனர். அவர்களுடைய ஆலைகளெல்லாம் 1946-இல் தைவான் சர்க்கரைக் கழகம் என்ற ஒரே அரசு நிறுவனமாய் இணைக்கப்பட்டிருந்தன. கரும்புக்கு விலை கொடுப்பதற்குப் பதிலாக, பிழிந்த சர்க்கரையில் ஏறக்குறையப் பாதியை உழவருக்கே பங்காகக் கொடுக்கும் முறை அங்கே நடந்தது. தமிழ்நாடும் 2018-இல் ஆலை வருவாயில் பங்கு என்ற முறைக்குச் சட்டம் செய்தது. பங்கு பிரிக்குமுன் மொத்தம் எவ்வளவு என்று சொல்பவர் இங்கும் ஆலையாரே. சேத்தியாத்தோப்புக் கூட்டுறவு ஆலையிலாவது உழவர் பங்குதாரர்; அங்கே கணக்கைக் கேட்கும் உரிமை பெயரளவிலேனும் அவர்களுக்கு உண்டு.